உதவிப் பயிற்சியாளர் பணியும் நம் பெண்மக்களும்

வெள்ளி விழா மலர்களில் மருத்துவரானோர், வழக்கறிஞரானோர், ஆட்சிப் பணியில் அமர்ந்தோர் ஆகியோரைப் பற்றி எழுதுவது மரபு. பள்ளி வாயிலை முதல் தலைமுறையாக மிதித்த ஒரு சமூகம் அத்தகைய பட்டியலைப் பெருமையுடன் வெளியிடுவது இயல்பே. அப்பட்டியல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு பணியைப் பற்றி இக்கட்டுரையில் எழுதப் புகுகிறோம். மகளிர் கால்பந்து அணிகளில், சிறப்பாகக் கல்லூரி அணிகளில், தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த நிலையில் நின்று உழைக்கும் உதவிப் பயிற்சியாளர் பணியே அது. இது பெரிய பதவியன்று. ஊதியமும் பல இடங்களில் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஆயினும், ஆடிப் பரிசு பெற்ற ஒரு பெண், ஆட்டக் காலம் முடிந்தபின் கூலி வேலைக்குத் திரும்புவாளா, அன்றிப் பிறருக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்வாளா என்பது பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான் முடிவாகிறது. ஆதலின் இதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நீண்ட கயிறு. மாடுகளைக் கட்டி விற்ற சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. அப்பெயரைத் தாங்கிய மாட்டுத்தாவணியில் 1999ஆம் ஆண்டு மதுரையின் பெரிய பேருந்து நிலையம் எழுந்தது. இன்று விடியற்பொழுதில் அங்கு நிற்போர், தோளில் பையும் பையின் வாரில் கட்டித் தொங்கவிட்ட விளையாட்டுக் காலணியுமாக, மேலூர், ஒத்தக்கடைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்திறங்கும் மாணவியர் சிலரைக் காணலாம். நகரக் கல்லூரிகளுக்குச் செல்வோர் அவர்களுள் உண்டு. தெற்கே அருப்புக்கோட்டைச் சாலையில் காரியாபட்டி நோக்கிச் செல்வோரும் உண்டு. நம் தாய்மார்களின் காலத்தில் இக்காட்சி அரிது. பெண்கள் பந்தை உதைப்பதற்கே உலகம் எத்துணைத் தடை விதித்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் குடிசன் பார்க் என்னும் திடலில் நடந்த மகளிர் கால்பந்து ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். புகழ் பெற்று ஆடிய அணி, பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்களின் அணி. மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இவ்விளையாட்டு பெண்களுக்குச் சற்றும் ஏற்றதன்று எனக் கூறி, தன் உறுப்புக் கழகங்கள் தங்கள் திடல்களை மகளிர் ஆட்டங்களுக்குத் தரலாகாது எனத் தீர்மானித்தது. ஆடக் கூடாது என்று எந்தப் பெண்ணின் காலையும் அச்சங்கம் கட்டவில்லை. திடலை மட்டும் மறுத்தது. இந்த முறையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோரிடம் நீர் அருந்தாதே என்று எவரும் சொன்னதில்லை, கிணற்றைத்தான் மறுத்தார்கள். அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. கால்பந்துக்குப் பேர்போன பிரேசில் நாட்டிலும் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்தாடச் சட்டத் தடை இருந்தது.

நம் நாட்டில் சட்டத் தடை இருந்ததில்லை. கேட்பாரற்ற நிலைதான் இருந்தது. 1975ஆம் ஆண்டு இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தனியே தோன்றியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவு அதற்குக் கிட்டவில்லை. அந்த நிலையிலும் நம் பெண்கள் சாதித்தவை வியப்புக்குரியன. 1980ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1981இல் மூன்றாமிடமும், 1983இல் மீண்டும் இரண்டாமிடமும் பெற்றது. அவ்வணியின் சாந்தி மல்லிக் 1983ஆம் ஆண்டு அர்ச்சுனா விருது பெற்றார். கால்பந்தில் அவ்விருது பெற்ற முதற்பெண் அவரே. அடுத்த பெண்ணுக்கு அவ்விருது வாய்க்க 34 ஆண்டுகள் ஆயின. 2017இல் மணிப்பூரின் பெம்பெம் தேவி அதனைப் பெற்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் மகளிர் ஆட்டம் அகில இந்தியக் கூட்டமைப்பின் பொறுப்பில் வந்தது. 1991-92 முதல் தேசியப் போட்டிகள் அதன் பெயரில் நடைபெறலாயின.

ஆடுவோர்க்கே இந்நிலையெனில், ஆடி முடித்தோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளர் என்பவர் வானத்திலிருந்து குதிப்பவரல்லர். நேற்று ஆடியவரே இன்று பயிற்றுவிப்பவர். ஆடிய பெண்களுக்கு வேலையும் படிப்பும் இல்லாத காரணத்தால், ஒரு தலைமுறைப் பெண்களின் ஆட்ட அறிவு அடுப்படியிலேயே கரைந்து போயிற்று. மகளிர் அணிகளுக்கு ஆடவரே பயிற்றுவிப்பது வழக்கமாயிற்று. அவர்களுள் தன்னலமற்று உழைத்த நல்லோர் பலர் உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கடலூரை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையோரத்தைச் சிதைத்தது. அதன்பின் மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளைத் திரட்டிக் கால்பந்து கற்பித்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் அவ்வணி நாடறிந்தது. அரசு விடுதியில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன், கடலூரின் இந்துமதி கதிரேசன் ஆகியோர் அவரிடம் பயின்று இந்திய அணி வரை சென்றவர்கள். விடுதி என்பது நம் சமூகத்துக்குப் புதிதன்று. ஆதிதிராவிடர் நல விடுதியின் பாயில் படுத்துப் படித்தவர்களே இம்மலரின் பாதிப் பக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். அதே விடுதி முற்றத்திலிருந்து ஒரு பெண் நாட்டின் சட்டையை அணியும் காலம் வந்தது.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில், தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகப் பட்டம் சூடியது. நந்தினி முனுசாமியும் இந்துமதியும் அடித்த கோல்கள் அவை. மணிப்பூர் என்பது இத்துறையில் எளிய எதிரியன்று. போட்டி தொடங்கிய நாள்முதல் பெரும்பாலான ஆண்டுகளில் பட்டம் அங்குதான் சென்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று தமிழ்நாடு மீண்டும் வாகை சூடியது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுபவர். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் அவர் சென்னைச் சாலையில் சீருடையுடன் நின்ற செய்தியை இளைஞர் பலர் படித்திருப்பர்.

நம் பகுதியின் பங்கும் இதில் சிறிதன்று. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியை அடுத்த புல்லூரில் உள்ள சேது பொறியியற் கல்லூரியின் பெயரில் எழுந்தது சேது மகளிர் கால்பந்து அணி. இந்திய மகளிர் லீக் போட்டி 2017இல் தொடங்கியது. மறு ஆண்டு ஷில்லாங் நகரில் நடந்த இரண்டாம் லீகில் ஆடிய ஏழு அணிகளுள் இரண்டு தமிழ்நாட்டினுடையவை: ஒன்று கடலூர் அணி, மற்றொன்று சேது அணி. இரண்டுமே கல்வி நிலையங்களோடு பிணைந்து பிறந்தவை. பணக்காரக் கழகங்கள் பெண்களைத் திரும்பிப் பாராத காலத்தில் வகுப்பறைகளே அவர்களுக்குத் திடலைத் தந்தன என்பது குறித்து வைக்கத் தக்கது. 2019ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் சேது அணி மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வென்று நாட்டின் மகளிர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வெற்றியில் மணிப்பூர் வீராங்கனையரும், நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் பெரும்பங்கு கொண்டனர். வெளியூர்ப் பெண்கள் வந்து வென்றதில் நமக்கென்ன பெருமை என்று கேட்போர் உண்டு. பெருமையைவிடப் பயனைக் காண்பதே நலம் என்போம். மதுரைச் சமவெளியில் பிறந்த பெண்ணொருத்தி, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரியை எதிரே நின்று மறித்துப் பழகும் வாய்ப்பு வேறெங்கே கிட்டும்?

இனி, உதவிப் பயிற்சியாளர் என்பவர் செய்யும் வேலை யாது? பலர் எண்ணுவதுபோல் பந்துகளைச் சுமந்து வருவதும் கூம்புகளை வரிசையாக வைப்பதும் மட்டுமன்று, அவையும் உண்டு. காலை ஐந்தரை மணிக்குத் திடலைத் திறப்பவர் அவர். இருபது பெண்கள் வந்தால் அவர்களுள் எவள் நேற்றிரவு உண்ணவில்லை, எவளுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, எவள் வீட்டில் சண்டை என்பதை முகத்தைப் பார்த்தே அறிபவர். தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தின் போக்கை வகுக்கிறார். அப்போக்குக்கு ஒவ்வொரு பெண்ணின் உடலையும் மனத்தையும் ஆயத்தம் செய்வது உதவியாளரின் பொறுப்பு. கோல்காப்பாளருக்குத் தனியே பந்தடித்துக் கொடுப்பார். எதிரணியின் ஆட்டத்தைக் கண்டு குறிப்பெடுப்பார். மாற்று ஆட்டக்காரிகள் மனம் சோராமல் பார்த்துக்கொள்வார்.

காயத் தடுப்பு ஒன்றே தனி அறிவு. முழங்கால் மூட்டினுள் குறுக்காக ஓடும் இணைப்பு நார் அறுந்துபோவது கால்பந்தில் அஞ்சத்தக்க காயம். ஆடவரைக் காட்டிலும் பெண்களுக்கு அது நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குக் குறையாது என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு முறை அறுந்தால் அறுவை சிகிச்சை, அதன்பின் மாதக்கணக்கில் ஓய்வு. வசதியுள்ள வீட்டில் அது ஓர் இடையூறு. நம் வீடுகளில் அதுவே ஆட்டத்தின் முடிவு. இதனைத் தடுக்க உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு ‘11 பிளஸ்’ என்னும் பயிற்சி முறையை வகுத்துள்ளது. மூன்று பகுதிகளாக 15 பயிற்சிகள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கருவி எதுவும் வேண்டா. தாவிக் குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் மடங்காமல் நிற்கக் கற்பிப்பதே அதன் சாரம். ஆயின் நாள்தோறும் ஒருவர் நின்று பார்த்துத் திருத்தினால்தான் பயன். அந்த ஒருவர்தான் உதவிப் பயிற்சியாளர்.

அடுத்தது உணவும் உதிரமும். தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுடையோர் என 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. மூச்சு வாங்கி நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசும் பயிற்சியாளர்களை நாம் கண்டிருக்கிறோம். அவளுக்கு வேண்டியது ஏச்சன்று, இரும்புச் சத்து. மாதவிடாய் நாட்களைப் பற்றி ஆண் பயிற்சியாளரிடம் வாய் திறக்கக் கூசும் பெண், அணியில் ஓர் அக்காள் இருந்தால் திறப்பாள். ‘அக்கா’ என்று அழைக்கத்தக்க ஒருவர் திடலில் நிற்பதனால்தான் பெற்றோரும் மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப இசைகின்றனர். அவ்வக்காள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து, காப்பி அருந்தி, ‘நான் கூட்டிச் சென்று நானே கொண்டுவந்து விடுகிறேன் அம்மா’ என்று சொல்லும் சொல்லுக்கு எந்தச் சுற்றறிக்கையும் ஈடாகாது. அக்காள் நம் தெருப் பெண்ணாகவே இருந்துவிட்டால் இன்னும் நலம். நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா, மாட்டாரா என்று தாய் தயங்க வேண்டியதில்லை.

உதவியாளராகத் தொடங்கித் தலைமைக்கு உயர்ந்தோர் இல்லாமலில்லை. கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி இந்திய அணியில் ஆடியவர். பின்னர் அதன் உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். 2017ஆம் ஆண்டு இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண் அவரே. நாட்டின் மகளிர் அணிக்கு மகளிர் ஒருவர் தலைமை தாங்கச் சுதந்திரத்துக்குப் பின் 70 ஆண்டுகள் ஆயின என்பதைக் கணக்கிட்டுக்கொள்க. அவர் காலத்தில், 2018 நவம்பரில், இந்தியா ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்துக்கு முதன்முறையாக முன்னேறியது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கோப்பையை வென்றது. 2021 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த பி.வி.பிரியாவின் வழி சற்று வேறு. அவர் தலைமைப் பயிற்சியாளராக நின்று 2020ஆம் ஆண்டு கோகுலம் கேரளா அணிக்கு மகளிர் லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பின்னர் இந்திய அணியில் உதவிப் பயிற்சியாளரானார். 2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் சியாங் மாய் நகரில் இந்தியா தாய்லாந்தை 2-1 என வென்று, தகுதிச் சுற்றின் வாயிலாக ஆசியக் கோப்பைக்குள் முதன்முறையாக நுழைந்தபோது, அவ்வணியின் உதவிப் பயிற்சியாளர் அவர். ஓரிடத்தில் முதல்வராக இருந்தவர் மற்றோரிடத்தில் இரண்டாமவராக இருப்பது இழிவன்று. அங்கே கற்பது இங்கே பயன்படும்.

ஆனால் இரண்டாம் இடம் என்பது சிலருக்குப் படியாகவும், சிலருக்கு மோட்டுவளையாகவும் அமைகிறது. அமெரிக்க மகளிர் தேசிய அணியின் முதற்பெண் உதவிப் பயிற்சியாளர் லாரன் கிரெக். வர்ஜீனியாப் பல்கலைக்கழக மகளிர் அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவர். 1991, 1999 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும், 1996 ஒலிம்பிக் தங்கத்தையும் அந்நாடு வென்றபோது உதவியாளர் பொறுப்பில் நின்றவர் அவர். 2000ஆம் ஆண்டில் தலைமை இடம் காலியானபோது அது அவருக்குக் கிட்டவில்லை. முன்னாள் ஆட்டக்காரி ஏப்ரல் ஹெயின்ரிக்ஸுக்குச் சென்றது. முதன்முறையாக ஒரு பெண் அப்பதவியில் அமர்ந்தார் என்னும் மகிழ்ச்சிக்கு நடுவே, பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர் ஒதுங்க நேர்ந்தது.

நம் மக்களின் வரலாற்றில் இதற்கு மிகப் பழைய சான்று ஒன்றுண்டு. கிரிக்கெட்டில் நிகழ்ந்தது; எனினும் இங்கே பொருந்துவது. பல்வங்கர் பாலு தீண்டப்படாதோராக வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். புனே நகர்க் கழகத்தில் அவர் பந்து வீசலாம். தேநீர் மட்டும் வெளியே, தனி மண்கலத்தில். 1911இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் பம்பாய்ப் போட்டியில் இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவர் ஆக்கப்படவில்லை. 1920ஆம் ஆண்டு அவரினும் அனுபவம் குறைந்த ஒருவருக்குத் தலைமை அளிக்கப்பட்டபோது, அவர் தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். கிளர்ச்சி எழுந்தபின் பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. இறுதியாட்டத்தில் தலைவர் சற்று நேரம் திடலைவிட்டு வெளியேறி, பாலு அணியை நடத்த இடம்விட்டார். அவ்வளவே. 1923இல்தான் விட்டல் முழுத் தலைவரானார். அண்ணன் துணைத் தலைவராக நின்றதனால் தம்பி தலைவரானாரா, அன்றித் தம்பியர் ஆட மறுத்ததனால் தலைவரானாரா என்று நம் மன்றங்களில் விவாதிக்கலாம். பின்னதே என்பது எங்கள் எண்ணம். இதே பாலு 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு சார்பில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது வரலாற்றின் கசப்பான துணுக்குகளுள் ஒன்று.

மற்றோர் எச்சரிக்கையும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. 1972ஆம் ஆண்டு அந்நாட்டில் கல்வி நிலையங்களில் பால் வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பயனாகக் கல்லூரி மகளிர் விளையாட்டுக்குப் பணம் பாய்ந்தது, அணிகள் பெருகின. சட்டம் வந்த ஆண்டில் கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே பயிற்றுவித்தனர். 2014ஆம் ஆண்டில் அது 43 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஊதியமின்றி உழைத்தவரை அப்பணி பெண்களுடையது. ஊதியம் வந்ததும் ஆடவர் வந்தனர். 2023ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய 32 அணிகளுள் 12 அணிகளுக்கே பெண்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தனர். தமிழ்நாட்டிலும் மகளிர் கால்பந்தில் பணம் மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது. பணம் வரும் வேளையில் சான்றிதழோடு வாயிலில் நிற்பவர் யார் என்பதே கேள்வி. கழகங்களின் தற்காலிகப் பணிகளில் இடஒதுக்கீடு இல்லை. வகுப்புச் சான்று அங்கே செல்லாது; பயிற்சிச் சான்றே செல்லும்.

ஆட்டம் முடிந்தபின் பிடிமானம் இல்லாதவர் நிலை என்னவாகும் என்பதற்கு இருவரைச் சொல்வோம். பிரையானா ஸ்கரி அமெரிக்க அணியின் கோல்காப்பாளர், கருப்பின மங்கை. 1999 உலகக் கோப்பை இறுதியில் சீனாவின் மூன்றாம் தண்டனை உதையைத் தடுத்து நாட்டுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். 2010இல் தலையில் பட்ட அடியால் ஆட்டம் முடிந்தது. வறுமையில் தம் ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையே அடகு வைத்தார். பின்னர் மீண்டெழுந்து, வாஷிங்டன் நகர அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார்.

மற்றவர் நம்மவர், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்திரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள். அவர் ஓட்டக்காரி, கால்பந்துக்காரியல்லர். ஆயினும் பயிற்சியாளர் வாழ்க்கை பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட்டு நம்மால் எழுத இயலாது. 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஓர் ஏழைப் பெண்ணின் உடலைப் பற்றி ஊரும் உலகமும் வாய்க்கு வந்தபடி பேசின. அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தம் மாவட்டத்துக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பித்தார். 2009ஆம் ஆண்டளவில் 68 மாணவர் அவரிடம் பயின்றனர். அவர் மாணவர் சென்னை மாரத்தானில் பரிசு வென்றனர். கையில் திறமை இருந்தது, மாணவர் இருந்தனர், வெற்றியும் இருந்தது. பயிற்சியாளர்க்குரிய பட்டயம் இல்லை. நிரந்தரப் பணி இல்லை. தற்காலிக ஊதியம் வயிற்றுக்குப் போதாமல் மீண்டும் செங்கல் சூளையில் நாட்கூலிக்குச் சென்றார். அச்செய்தி நாளேடுகளில் வந்து நாடு தலைகுனிந்தது. பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து 2013இல் முடித்தார். அதன்பின்னரே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நிலைபெற முடிந்தது. ஆசியாவில் இரண்டாவதாக ஓடியவருக்கு அந்தக் கால்கள் தராத நாற்காலியை ஒரு தாள் தந்தது. அந்தத் தாளின் மதிப்பைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

எனவே தாள்களைப் பற்றி இனிச் சொல்வோம். பட்டப்படிப்பை முடித்தோர் பி.பி.எட். இரண்டாண்டும், அதன்பின் எம்.பி.எட். இரண்டாண்டும் பயிலலாம். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் முதலாவது. நமக்கு அண்மையில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி உள்ளது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டில் அமைந்தது. கல்லூரிகளில் நிரந்தரப் பணி என்பது உடற்கல்வி இயக்குநர் பணியே. உதவிப் பயிற்சியாளர் பணி பெரும்பாலும் தொகுப்பூதியப் பணி. இயக்குநர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தார்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். உடற்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரையுள்ள பெண்கள் 1000 மீட்டரை 8 நிமிடத்தில் கடக்க வேண்டும். ஆடிய கால்களுக்கு அது பெரிதன்று. படிப்பை இடையில் விட்டவர்களுக்குத்தான் முதல் இரண்டு நிபந்தனைகள் மலையாகத் தெரியும்.

கால்பந்துக்கென உள்ள உரிமங்கள் வேறு. அகில இந்தியக் கூட்டமைப்பின் ‘டி’ உரிமம் முதற்படி. சில நாள் வகுப்பில் முடிவது. ஆடிய அனுபவமுள்ள பெண் பட்டப்படிப்புக் காலத்திலேயே பெற்றுவிடலாம். அதன்மேல் ‘சி’, அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் ‘பி’, ‘ஏ’, இறுதியாகப் ‘புரோ’. ஒவ்வொரு படிக்கும் இடையே உண்மையாகவே ஓர் அணிக்குப் பயிற்றுவித்த காலத்தைக் காட்ட வேண்டும். இவ்விடத்தில்தான் தொகுப்பூதிய உதவிப் பணியின் அருமை புலப்படும். ஊதியம் சிறிதாயினும், அடுத்த உரிமத்துக்குரிய காலக் கணக்கு அதில் ஏறிக்கொண்டேயிருக்கும். பணிச் சான்றைக் கல்லூரியின் முத்திரையுடன் எழுத்தில் பெறாமல் மூன்றாண்டு உழைத்தவர், ஏட்டளவில் ஒரு நாளும் உழைக்காதவரே.

வகுப்புக் கட்டணமும், வெளியூரில் தங்கும் செலவும் நம் குடும்பங்களுக்குப் பாரமானவை. நகையை அடகு வைத்துத் திருமணம் நடத்தும் வீடுகளில், அதே நகையை மகளின் உரிமத்துக்கு அடகு வைக்க மனம் வருவதில்லை. இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டுத் திருமணம், இருபத்தைந்தில் கைக்குழந்தை என்று முடியும் வாழ்க்கைகள் நம் தெருக்களில் பல. குழந்தை பெற்றபின்னும் பயிற்சியாளராகலாம் என்பதை மாமியார்களும் மாப்பிள்ளைகளும் அறிந்திருப்பது நலம். ஆடுவதற்குத்தான் வயது வரம்பு உண்டு. கற்பிப்பதற்கு அத்துணை நெருக்கடி இல்லை.

இப்பணியை நாடும் பெண்கள், பள்ளிக் காலம் தொட்டுப் பெற்ற ஒவ்வோர் ஆட்டச் சான்றிதழையும் நாள், இடம், போட்டியின் பெயர் தெளிவாக விளங்கும்படி பாதுகாத்து வைத்தல் வேண்டும். மண்டலப் போட்டிச் சான்று, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிச் சான்று, மாநில அணித் தேர்வுக் கடிதம் ஆகியவை பின்னாளில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் கேட்கப்படும். வெள்ளத்திலும் கூரை ஒழுக்கிலும் சான்றிதழ்களை இழந்தோர் நம்மிடையே உண்டாதலால், நகல்களைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்து வைக்கலாம். பி.பி.எட். சேர்க்கைக்கும், ‘டி’ உரிம வகுப்புக்கும் விண்ணப்பம் நிரப்ப விரும்புவோர் பெற்றோருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால், முன்னரே நிரப்பி அனுப்பிய அக்காள்மார் உடனிருந்து உதவுவர்.